பந்தக்கால் நட்ட பிறகு ஒரு பரீட்சை

ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பாட்டு டீச்சராக இருந்தேன். இப்படிச் சொன்னால் கல்லூரியில் சிலருக்கு முகம் சுருங்கும். இசைத்துறை விரிவுரையாளர் என்று சொல்ல வேண்டுமாம். பஸ் கண்டக்டருக்கு நான் பாட்டு டீச்சர், பால்காரருக்குப் பாட்டு டீச்சர், என் மாமியாருக்கும் பாட்டு டீச்சர்தான். இதில் விரிவுரை எங்கிருந்து வந்தது? வகுப்பில் நான் பேசியதில் பாதி திட்டு, மீதிப் பாதி ஸரிகம.

திட்டு என்றால் ஒப்புக்குத் திட்டுவது இல்லை. "ஏட்டி, நீ பாடுதியா, பல்லு வலிக்குதா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். பிள்ளைகள் எனக்கு மொளகாப்பொடி மிஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். என் கோபம் வந்த வேகத்தில் போய்விடும் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஒருத்தி திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே பின்பெஞ்சில் இன்னொருத்தி முறுக்குத் தின்பாள். எனக்கு அந்த லட்சணத்தில்தான் மரியாதை இருந்தது.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். தினமும் காலையில் பஸ் பிடித்துப் போக வேண்டும். கூடவே எங்கள் மிருதங்க வாத்தியார் வருவார். இசைத்துறை என்று பெரிதாகச் சொன்னேனே, அந்தத் துறையே நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவார். புதுக் கண்டக்டர் யாராவது வந்தால் அதற்கு லக்கேஜ் போடணும் என்று தகராறு செய்வார்கள். வாத்தியார் சத்தம் போடாமல், மடியில் இருக்கிற பச்சைப் பிள்ளைக்கு டிக்கெட் உண்டா என்று கேட்பார். நானாக இருந்தால் அந்த பஸ்ஸே ரெண்டுபட்டிருக்கும். அவருக்குக் கோபமே வராது. என்னோடு வேலை பார்க்க அப்படி ஒருத்தரால்தான் முடியும்.

எங்களுக்குக் கொடுத்திருந்த அறை, சைக்கிள் ஸ்டாண்டுக்கும் மனையியல் துறையின் சமையல் கூடத்துக்கும் நடுவில் இருந்தது. அங்கே வெங்காயம் வதக்க ஆரம்பித்தால் இங்கே பிள்ளைகளுக்கு ராகம் மறந்துவிடும். இதுபோக மில் சங்கு வேறு. எவ்வளவு கெட்டியாகச் சுருதியைப் பிடித்து வைத்திருந்தாலும், சங்கு ஊதியதும் எல்லாரும் ஒன்றுபோல அந்தச் சங்கோடு போய்ச் சேர்ந்துகொள்வார்கள். அப்பாவும் அண்ணனும் ஷிப்டுக்குக் கிளம்புகிற சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்ட காதுகள், என்ன செய்யும்? சங்கு ஓய்கிறவரை சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடியும் 'ஸ' பிடிப்போம்.

பாட்டுப் படிக்க வந்தவர்கள் எல்லாரும் பாட்டுக்காக வந்தவர்கள் இல்லை. வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் வந்தவர்கள் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாடிக் காட்ட வேண்டும் என்று வீட்டில் அனுப்பியவர்கள் நிறைய. அவர்களுக்கு முழுப் பாட்டு தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி தின்று முடிக்கிறவரை பாட்டு நீண்டால் சரி. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் ஒரு கூட்டம். நான் தெலுங்குக் கீர்த்தனை சொல்லிக் கொடுத்தால், தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார்கள். முதலில் சீறினேன். பிறகு, சிரித்து முடித்துவிட்டு அர்த்தத்தைச் சொல்லுங்கடி என்று அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகளை நான் பாடியதே வேறு மாதிரி இருந்தது.

இந்தக் கூட்டத்தில் பாட்டுக்காகவே வந்தவள் சோழபுரத்துப் பெண் ஒருத்தி. எண்பதுகள் முடிகிற சமயம் அது. விவசாயக் குடும்பம். முதல் நாள், தெரிந்ததைப் பாடு என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். சமையல் கூடத்திலிருந்து மனையியல் டீச்சர் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அப்படி ஒரு தொண்டை. நடவு வயலில் அந்தக் கோடியில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை. ஏட்டி, நான் இங்கேதானே இருக்கிறேன், ரயில்வே ஸ்டேஷனிலா இருக்கிறேன் என்று கேட்டேன். சிரித்தாள். திட்டினால் சிரிக்கிற பிள்ளையை என்ன செய்ய முடியும்? அன்றைக்கே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவள் அப்பாவுக்கு, மகள் வரலாறு படிக்கிறாள் என்று நினைப்பு. முதல் வருஷம் முழுக்க அப்படியே ஓட்டிவிட்டாள் கெட்டிக்காரி. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் மைக்கைப் பிடித்து ஒரு பாட்டைப் பாடிவிட்டு இறங்கியதும், இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று அப்பா கேட்டாராம். காலேஜில்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பி.ஏ.ன்னா எல்லாம் பி.ஏ.தானே என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

தாளம்தான் அவளுக்கு எமன். பாட்டு சூடு பிடித்துவிட்டால் வேகம் தானாக ஏறிவிடும். வாத்தியார் மிருதங்கத்தோடு பின்னாலேயே மூச்சு வாங்க வருவார். "செத்த நேரம் நில்லு தாயி, நானும் வாரேன்" என்பார். வகுப்பே சிரிக்கும், அவளும் சிரிப்பாள், மறுபடியும் ஓடுவாள். நான் தொடையில் அறைந்து அறைந்து தாளம் காட்டி, என் தொடைதான் சிவந்துபோகும். ஆனால் மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் சாதகம் பண்ணாமல் வகுப்புக்கு வந்ததில்லை. மாட்டுத் தொழுவில் நின்றுகொண்டு விடியற்காலையில் பாடுவாளாம். வீட்டுக்குள் பாடினால் தம்பி எழுந்துகொண்டு அழுவானாம்.

கடைசி வருஷம் தை மாதம் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை மகாராஜபுரம், வத்திராயிருப்புக்குப் பக்கம். வயல், தென்னந்தோப்பு, மாடு கன்று, நல்ல இடம். மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "பிடிச்சிருக்கு மிஸ். அவியளையும் பிடிச்சிருக்கு, பரீட்சையும் எழுதணும்" என்றாள். கல்யாணம் சித்திரை மாதக் கடைசியில். பரீட்சையெல்லாம் பங்குனியிலேயே முடிந்துவிடும். ஒன்றுக்கொன்று இடிக்கவில்லை என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

பாட்டுக்கு எழுத்துப் பரீட்சை போக, பாடிக் காட்டுகிற பரீட்சை ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து பாட வேண்டும். அதில் தேறாவிட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பட்டம் கிடையாது. எங்கள் போதாத காலம், அந்த வருஷம் வரவேண்டிய அம்மாளுக்கு அம்மை போட்டுவிட்டது. வேப்பிலையில் படுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அவர் எழுந்து நடமாடச் சித்திரை பாதி போய்விட்டது. கடைசியில் அவர் வருவதாகக் குறித்த நாள், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து விழுந்தது.

அதனால் என்ன, வந்து பாடிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் அப்படிப் போக முடியாது. வாசலில் பந்தக்கால் நட்டு, பெண்ணின் கையில் காப்புக் கட்டிவிட்டால், தாலி ஏறுகிறவரை அவள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. காற்று கருப்பு அண்டிவிடும், நடக்கிற காரியம் தடைப்பட்டுவிடும் என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் தண்ணீருக்குப் போனால்கூடக் கையில் ஒரு துண்டு இரும்பு இல்லாமல் அனுப்ப மாட்டார்கள். கலெக்டரே வந்து உத்தரவு போட்டாலும் இதை மாற்ற முடியாது.

நான் முதல்வர் அறைக்குப் போய்க் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்? பல்கலைக்கழகத்துக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டார். ஒரு பெண்ணுக்காகத் தேதியை மாற்ற முடியாது, வர முடியாதவர்கள் அடுத்த தடவை வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தடவை என்றால் ஐப்பசி. ஐப்பசியில் அவளுக்குத் தலைத் தீபாவளி. அதற்குப் பிறகு வயிற்றில் ஒன்று, இடுப்பில் ஒன்று. எத்தனை பிள்ளைகள் அடுத்த தடவை வருகிறேன் மிஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? அந்த அடுத்த தடவை வரவே வராது.

பந்தக்கால் நடுவதற்கு முன்னால் ஒருநாள் அவளே கல்லூரிக்கு வந்து நின்றாள். விஷயம் தெரிந்து வந்திருந்தாள். அழுவாள், எப்படித் தேற்றலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை.

"ஃபெயிலானாலும் ஆயிட்டுப் போறேன் மிஸ். ஆனா பாடிட்டு ஃபெயிலாவணும். பாடாமலே ஃபெயிலானவன்னு இருக்கக் கூடாது" என்றாள்.

ஃபெயிலாம் ஃபெயில், வாயைக் கழுவு முதலில் என்று திட்டி பஸ் ஏற்றிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் நான் சோழபுரம் போனபோது அவள் வீட்டு வாசலில் மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, பந்தக்கால் நின்றுகொண்டிருந்தது. அன்று காலையில்தான் நட்டார்களாம். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்றிருந்தது. அவள் அப்பா கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அவருக்கும் ஆசைதான். ஆனால் இனிமேல் அவள் பாதி எங்கள் பிள்ளை, பாதி அவர்கள் பிள்ளை என்றார். எல்லை தாண்டி விட்டேன் என்று சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டமாம். அந்தம்மா ஒரு வார்த்தை சரி என்று சொல்லிவிட்டால் தானே கூட்டி வருவதாகச் சொன்னார். அப்படியானால் நானே போய்க் கேட்கிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் டீச்சர் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் அவள் நின்றாள், முகமெல்லாம் மஞ்சள்.

மறுநாள் காலையில் வத்திராயிருப்பு பஸ்ஸில் நானும் வாத்தியாரும் ஏறினோம். நான் எதற்கு அம்மா என்று வாத்தியார் கேட்டார். நான் கத்த ஆரம்பித்தால் முந்தானையைப் பிடித்து இழுக்க ஒரு ஆள் வேண்டாமா என்றேன். வேறொன்றும் கேட்காமல் வந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா தோப்புக்கு முன்னால் களத்தில் உட்கார்ந்து தேங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காயையும் எடுத்துத் தட்டிப் பார்ப்பார், வலப்பக்கம் ஒன்று போகும், இடப்பக்கம் ஒன்று போகும். நல்ல ஆகிருதி. பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நாங்கள் யார் என்று சொன்னதும், வந்த காரியம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் மோர் கொடுக்கச் சொன்னார். குடித்து முடித்ததும் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். பாடுவதில் என்ன பரீட்சை என்று கேட்டார். நல்லா இருக்கு, நல்லா இல்லை, இதைக் கண்டுபிடிக்க வெளியூரிலிருந்து ஆள் வரணுமா என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்தேகம் பலமுறை வந்திருக்கிறது. வாத்தியார்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தம்மா இன்னொரு தேங்காயை எடுத்தார்.

"எங்க வீட்ல மாடு கன்னு இருக்கு, தோப்பு தொரவு இருக்கு. இங்க வந்து அவ யாருக்குப் பாடப் போறா?"

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. மாட்டுக்குப் பாடட்டும், பால் கொஞ்சம் கூடவே கறக்கும் என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். காரியம் கெட்டது, இழுக்கக் கூட்டி வந்த ஆளும் இழுக்கவில்லை என்று நினைத்தேன். அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தாரா, வேர்வையைத் துடைத்தாரா, எனக்குப் பிடிபடவில்லை.

அவள் கேட்டு வந்தீர்களா, நீங்களாக வந்தீர்களா என்று விசாரித்தார். நானாகத்தான் வந்தேன் என்றேன். அவள் என்னிடம் சொன்னதை, பாடிவிட்டு ஃபெயிலாக வேண்டும் என்றதை, அப்படியே சொன்னேன். அந்தம்மா கையிலிருந்த காயை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாத மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு, எல்லை தாண்டி ஒன்று ஆகிவிட்டால் நீங்கள் வந்து நிற்பீர்களா என்று கேட்டார். நான் மோர்ச் செம்பை எடுத்துத் தள்ளி வைத்தேன். கடைசியில் பாக்கலாம் என்றார். எங்கள் பக்கத்தில் பாக்கலாம் என்றால் மரியாதையாக முடியாது என்று அர்த்தம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வாத்தியாரோடு பேசவில்லை. அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பரீட்சை நாளும் வந்தது. தேர்வாளர் ஒல்லியாக இருந்தார், முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் மறையவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சீக்கிரம் ஆரம்பிக்கலாமா என்றார். அவர் பக்கத்தில் நான். கல்லூரியின் சார்பில் உட்காருகிறவள் என்பதால், யார் பாடும்போதும் நான் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை எவரும் கண்டுபிடித்ததில்லை. எதிரே வாத்தியார் மிருதங்கத்தோடு.

இந்தப் பரீட்சையில் முழுப் பாட்டையும் யாரும் கேட்க மாட்டார்கள். பல்லவி, அனுபல்லவி வந்ததும் கையைக் காட்டி, போதும் என்று விடுவார்கள். நன்றாகப் பாடினாலும் போதும்தான், சொதப்பினாலும் போதும்தான். எல்லாரையும் ஒரே நாளில் முடிக்க வேண்டுமே. பிள்ளைகளுக்கும் இது தெரியும். எப்போது போதும் என்பார் என்று காத்துக்கொண்டுதான் பாடுவார்கள்.

ஒவ்வொருத்தியாக வந்து போனார்கள். என் கண் ஜன்னலிலேயே இருந்தது. சாப்பாட்டு வேளையும் தாண்டிவிட்டது. அவ்வளவுதானா என்றார் தேர்வாளர். இன்னும் ஒரு பெண் பாக்கி, கொஞ்சம் பார்க்கலாமா என்றேன். இன்னும் எவ்வளவு நேரம் என்றார். சுருதிப் பெட்டியைத் தேவையில்லாமல் துடைத்தேன். அவர் பேனாவை மூடினார்.

அப்போது சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒரு அம்பாசிடர் கார் வந்து நின்றது. முன்னால் கொத்து வேப்பிலை செருகியிருந்தது. முதலில் இறங்கியது மகாராஜபுரத்து அம்மா. பின்னால் அவள். முகத்தில் மஞ்சள், கையில் காப்பு, அந்தக் கையிலேயே ஒரு பாக்குவெட்டி. சமையல் கூடத்துப் பிள்ளைகள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து சுற்றிக்கொண்டார்கள். நான் வாசலுக்கு ஓடினேன்.

"எல்லை தாண்டினா கேக்குறதுக்கு ஆளு நான்தான டீச்சர்? நானே கூட வந்துட்டா பொறவு யாரு கேப்பா?" என்றார் அந்தம்மா.

இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. விடிகாலை பஸ்ஸில் மகாராஜபுரத்திலிருந்து சோழபுரம் வந்து, சம்பந்தி வீட்டாரைப் பேசவிடாமல், காரை வரவழைக்கவே மதியமாகிவிட, பெண்ணைத் தானே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பரீட்சை அறைக்குள் வெளியாட்கள் வரக் கூடாது என்று சொன்னதும் தகராறு பண்ணவில்லை. ஆனால் தாலி ஏறுகிறவரை பெண் தன் கண்ணை விட்டு மறையக் கூடாது என்று சொல்லிவிட்டு, கதவுக்கு வெளியே நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பெண் உள்ளே வந்து உட்கார்ந்தாள். தேர்வாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கையில் என்ன என்று கேட்டார். பாக்குவெட்டி மேடம் என்றாள். அதைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போடு என்றார். அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். கதவுப் பக்கத்துத் தலை கூடாது என்று ஆடியது. தாளத்துக்கு மார்க் உண்டு, இந்தப் பிள்ளைக்கோ தாளத்தில்தான் கண்டம். வெளியிலிருந்தே அந்தம்மா, இடுப்பில் சொருகிக்கொள், இரும்பு உடம்பில் பட்டுக்கொண்டிருந்தால் சரிதான் என்று வழி சொன்னார். சொருகிக்கொண்டாள். தேர்வாளருடைய உதட்டோரம் லேசாக அசைந்தது. அவரும் எந்த ஊரிலோ காப்புக் கட்டிக் கல்யாணம் ஆனவர்தானே.

கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனையைத் தொடங்கினாள். அன்றைக்கு அவள் ஓடவில்லை. அசைந்தால் பாக்குவெட்டி குத்தும் என்று நிமிர்ந்து உட்கார்ந்ததாலோ என்னவோ, தாளம் இம்மி பிசகாமல் நின்றது. வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் வாத்தியாரைப் பார்த்தேன். பல்லவி முடிந்தது. அனுபல்லவியில் மேலே ஏறி ஒரு இடத்தில் நின்றாள், எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. மறுபடியும் பல்லவிக்கு இறங்கினாள். தேர்வாளர் கையைக் காட்டினார்.

"போதும்."

சட்டென்று நிறுத்திவிட்டாள். மிருதங்கமும் நின்றது. தேர்வாளர் மார்க் போடக் குனிந்தார். வெளியே சேலை சரசரக்க அந்தம்மா எழுந்திருப்பது கேட்டது. நிலையைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

என்ன தப்புப் பண்ணினாள் என்று கேட்டார். தப்பு ஒன்றும் இல்லையம்மா, நன்றாகத்தான் பாடினாள், இவ்வளவு போதும் என்றார் தேர்வாளர்.

"தப்பு இல்லைன்னா எதுக்கு நிப்பாட்டுதிய? ஊரு எல்லையைத் தாண்டிக் கூட்டியாந்திருக்கேன் தாயி. பாதிப் பாட்டுக்கா தாண்டினோம்? முழுசையும் பாடட்டும்."

பரீட்சை அறைக்குள் வந்து தேர்வாளரை அதட்டிய ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் எழுந்து, பரீட்சையையே நிறுத்திவிட்டுப் போகலாம். அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு. அப்படிப் போனால் இவளுடைய பட்டம் போச்சு. நான் எழுந்து அந்தம்மாவை வெளியே கூட்டிப் போக வேண்டியவள். கால் எழும்பவில்லை. எழும்பக் கூடாது என்றுதான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொண்டார். அந்தம்மாவை உட்காருங்கள் என்றார், உள்ளேயே, ஜமக்காளத்திலேயே. பிறகு பெண்ணைப் பார்த்து, சரணத்தைப் பாடு என்றார்.

அவள் தேர்வாளரைப் பார்த்துப் பாடவில்லை, என்னைப் பார்த்தும் பாடவில்லை. மாமியாராகப் போகிறவரைப் பார்த்துக்கொண்டே பாடினாள். மெதுவாகப் பாடு, குரலைக் குறை என்று மூன்று வருஷமாக நான் கரடியாய்க் கத்தியதெல்லாம் காற்றில் போயிற்று. தன் தொண்டை முழுவதையும் திறந்துவிட்டாள். அது தப்பாகவே இல்லை. அவ்வளவு பெரிய குரலில் அவ்வளவு பிரியம் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தம்மா ஒருமுறைகூடத் தலையாட்டவில்லை, தாளம் போடவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி, இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்த பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் மார்க்கைப் போட்டு, காகிதத்தை நான் கையெழுத்துப் போட என் பக்கம் நகர்த்தினார். பார்த்தேன். அன்றைக்கு வந்தவர்களிலேயே அவளுக்குத்தான் அதிகம். அதை நான் சொல்லக் கூடாது. ஆனால் என் முகத்தை நான் என்ன செய்வது? வாத்தியார் அதைப் படித்துவிட்டு மிருதங்கத்துக்கு உறை போட ஆரம்பித்தார்.

அந்தம்மா எழுந்து பெண்ணிடம் போனார். இடுப்பில் சொருகியிருந்ததை எடுத்து மறுபடியும் அவள் கையில் கொடுத்தார். முகத்தில் வேர்வையில் கரைந்திருந்த மஞ்சளைத் தன் முந்தானையால் ஒற்றிவிட்டார்.

"ஏட்டி, இவிய போதும்னு சொன்னா ஒடனே நிறுத்திருவியா? நாளைக்கு நம்ம வீட்ல நானே போதும்னு சொல்லுவேன். எனக்குக் கோவம் வரும், வேலை கெடந்தா கத்துவேன், நான் அப்படித்தான். அப்பயும் நீ நிறுத்தாத."

அவள் குனிந்த தலை நிமிராமல், "சரி அத்தை" என்றாள்.